ஹஜ் முடிந்து ஊர் திரும்பும் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன் ஊர்தோறும் வகுப்புகள் நடக்கின்றன. இஹ்ராம் கட்டுவதிலிருந்து ஜமராத்தில் கல்லெறிவது வரை பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். திரும்பி வருவதற்குக் கடைசிப் பத்து நிமிடம் ஒதுக்கினால் பெரிது. ஆனால் ஹஜ்ஜின் கூடார நகரான மினாவிலிருந்து அறைக்குத் திரும்பிய அன்றே ஹாஜிகளின் கேள்விகள் அந்தப் பக்கம் திரும்பிவிடும். உடம்பு களைத்திருக்கும், மனம் ஊரில் இருக்கும், பெட்டி நிரம்பியிருக்கும். தவறுகள் நடப்பது அப்போதுதான். தமிழ்நாட்டிலிருந்து போகும் குழுக்களில் ஆண்டுதோறும் கேட்கப்படும் சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். உம்ரா என்ற சிறிய புனிதப் பயணத்துக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மாறுபடும் இடங்களைக் குறிப்பிட்டிருக்கிறோம்.

விதா தவாஃபை எப்போ செய்யணும்? கூட்டமா இருக்கும்னு முந்தின நாளே செஞ்சு வச்சுக்கலாமா?

விதா, அதாவது விடைபெறும் தவாஃப் (கஅபாவைச் சுற்றி வருதல்) என்பது மக்காவில் உங்கள் கடைசி வேலையாக இருக்க வேண்டும். ஏழு சுற்று, பிறகு இரண்டு ரக்அத். இஹ்ராம் வேண்டாம், ஸஃயு (ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே நடப்பது) கிடையாது, சாதாரண உடையே போதும். ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பள்ளியில்), தவாஃப் முடிந்த பிறகு தங்கிவிட்டால் அது விதாவாக நிற்காது, மறுபடி செய்ய வேண்டும். மூட்டை கட்டுவது, வழிக்குச் சாப்பாடு வாங்குவது, பாங்கு சொன்னால் ஜமாஅத்தில் தொழுவது போன்றவை தங்குவதாகக் கணக்காகாது. படுத்துத் தூங்கிவிட்டு மறுநாள் புறப்படுவது கணக்காகும். ஹனஃபியில் கொஞ்சம் இடம் உண்டு: ஹஜ்ஜின் கட்டாயத் தவாஃபான இஃபாளாவுக்குப் பிறகு செய்த நஃபில் (உபரி) தவாஃபே விதாவாக நிறைவேறிவிடும். ஆனாலும் புறப்படும் நேரத்தை ஒட்டிச் செய்வதே சிறந்தது. உம்ராவுக்கு மட்டும் வந்த ஹனஃபிகளுக்கு இது வாஜிப் (கட்டாயம்) இல்லை. ஷாஃபிகளோ மக்காவை விட்டு நீண்ட பயணம் கிளம்பும்போதெல்லாம் செய்ய வேண்டும்.

நேரக் கணக்கைப் பஸ்ஸிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். சாதாரண உடையில் வரும் ஆண்களை, கூட்ட நாட்களில் கஅபாவை ஒட்டிச் சுற்றும் கீழ்த்தள மதாஃபுக்கு விடாமல் மேல்தளத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே ஒரு சுற்றே அரை கிலோமீட்டரைத் தாண்டும். ஏழு சுற்றுக்கு 2 மணி நேரம், அறைக்குப் போய்வர 1 மணி நேரம், வயதானவர் இருந்தால் இன்னும் 1 மணி நேரம். பஸ் மதியம் 2 மணிக்கு என்றால், தாமதத்துக்கும் இடம் விட்டு, காலை 8 மணிக்கு அறையை விட்டு இறங்குங்கள். பெட்டி முந்தின இரவே பூட்டியிருக்கட்டும். முட்டி வலி உள்ளவர்கள், ‘கடைசித் தவாஃபாச்சே, நடந்தே செய்யலாம்’ என்று இறங்கிவிட வேண்டாம். சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். இன்னும் ஒரு முழு நாள் பயணம் பாக்கி இருக்கிறது.

நாங்க மக்காவ முடிச்சுட்டு மதீனா போறோம், அங்கிருந்தே ஃப்ளைட். அப்போ விதா எப்போ?

மக்காவை விட்டு மதீனாவுக்குக் கிளம்பும் அன்றுதான். விமானம் ஏறும் நாளோடு அதைச் சேர்க்க வேண்டாம். மதீனா போய் ஏழெட்டு நாள் தங்கிய பிறகு நினைவு வந்தால், 450 கிலோமீட்டர் திரும்பி வருவது நடக்கிற காரியம் இல்லை. விடுபட்டால் ஓர் ஆடு தம் (பரிகாரப் பலி) கொடுக்க வேண்டிவரும். மதீனாவில் விடைபெறும் தவாஃபுக்கு ஈடாக எந்தக் கடமையும் கிடையாது. மஸ்ஜிதுந் நபவியில் தொழுது, ஸலாம் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

எனக்கு மாதவிடாய் வந்துடுச்சு, நாளைக்கு ஃப்ளைட். என்ன செய்யுறது? யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல.

முதலில் நீங்கள் எந்தத் தவாஃபைச் செய்யவில்லை என்று பாருங்கள். விதா மட்டும்தான் பாக்கி என்றால் கவலையே வேண்டாம். இந்த நிலையில் உள்ள பெண்ணுக்கு அது கடமை இல்லை, பரிகாரமும் இல்லை. ஹரமின் வாசலுக்கு வெளியே நின்று துஆ செய்துவிட்டு நிம்மதியாகப் புறப்படுங்கள். மக்கா எல்லையை விட்டு வெளியேறுவதற்கு முன்பே சுத்தமாகிவிட்டால் மட்டும் குளித்துவிட்டுச் செய்ய வேண்டும்.

இஃபாளா தவாஃப் பாக்கி என்றால் விஷயம் வேறு. அது ஹஜ்ஜின் ருக்னு (அடிப்படைக் கடமை), எதைக் கொடுத்தும் ஈடாகாது. சுத்தமாகும் வரை காத்திருந்து செய்வதுதான் நேரான வழி, அதற்குப் பயணத் தேதியை மாற்ற வேண்டும். காத்திருக்க வழியே இல்லாத நிலையில், அப்படியே செய்தாலும் தவாஃப் நிறைவேறும், ஆனால் பெரிய பிராணி ஒன்றைப் பலியிட வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. இதை உங்களில் யாரும் தாமாக முடிவு செய்ய வேண்டாம். குழுவில் இருக்கும் ஆலிமிடம் கேளுங்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் அவர் வீட்டுப் பெண்கள் வழியாகவோ, குழுத் தலைவரின் மனைவி வழியாகவோ சொல்லி அனுப்புங்கள். மூன்று நாள் முன்பே சொன்னால் தேதியை மாற்ற வழி தேடலாம். பஸ் படியில் நின்று சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பெருநாள் அன்றே இஃபாளாவை முடித்துவிடுங்கள் என்று பெண்களிடம் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

பெட்டிக்கு 20 கிலோன்னு போட்டிருக்கு. ஒரு ரெண்டு கிலோ கூடினா விட மாட்டாங்களா?

விட மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் ஒருவர் கவுன்டர் முன்னால் பெட்டியைப் பிரித்தால் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் நிற்க வேண்டும். பெட்டி எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை கிலோ என்பது ஆண்டுக்கு ஆண்டு, விமானத்துக்கு விமானம் மாறும். உங்கள் டிக்கெட்டில் உள்ளதே கணக்கு. இரண்டு பெட்டி, தலா 20 கிலோ என்றால் ஒன்றில் 24, இன்னொன்றில் 16 என்று வைத்துச் சமாளிக்க முடியாது.

சக்கரப் பெட்டி வெறுமனே 4 கிலோ இருக்கும். மிச்சம் 16. பரிசாகக் கொடுக்க வாங்கும் வெல்வெட் முசல்லா (தொழுகை விரிப்பு) ஒன்று அரை கிலோவுக்கு மேல், பத்து வாங்கினால் 6 கிலோ போச்சு. பேரீச்சம்பழப் பெட்டி 1 கிலோ என்று எழுதியிருந்தாலும் அட்டையோடு இன்னும் கொஞ்சம் கூடும். கையில் தொங்கவிட்டு எடை பார்க்கும் சிறிய தராசு மாடிக்கு ஒன்று இருந்தால் போதும், எல்லோரும் பயன்படுத்தலாம். 19 கிலோவில் நிறுத்துங்கள். கடைத் தராசுக்கும் விமான நிலையத் தராசுக்கும் அந்த ஒரு கிலோ வித்தியாசம் வரும்.

கயிறு சுற்றிய பெட்டி, துணியில் கட்டிய மூட்டை, உருண்டையான பை ஆகியவற்றை ஜித்தா விமான நிலையத்தில் ஏற்றுக்கொள்வதில்லை. பெட்டிகள் ஓடும் பட்டையில் கயிறு சிக்கி இயந்திரமே நின்றுபோகும் என்பதுதான் காரணம். ஊரில் கயிறு கட்டிப் பழகியவர்கள் அகலமான பெல்ட் வாங்கிக்கொள்ளுங்கள். குழுவில் எல்லோருடைய பெட்டியும் ஒரே நிறத்தில் இருக்கும். அதனால் பெயர், கவர் நம்பர் (ஹஜ் விண்ணப்பப் பதிவு எண்), ஊர், இந்தியக் கைபேசி எண் நான்கையும் இரண்டு பக்கமும் மார்க்கரில் எழுதுங்கள். சவூதி சிம் எண்ணை எழுதிப் பயனில்லை, சென்னையில் அது அடிக்காது.

ஜம்ஜம் தண்ணிய துணிக்குள்ள நல்லா சுத்திப் பெட்டிக்குள்ள வச்சா தெரியவா போகுது?

தெரியும். எக்ஸ்ரே திரையில் தண்ணீர் பாட்டில் பளிச்சென்று தனியாகத் தெரியும். பெட்டியை ஓரமாக எடுத்து, திறந்து, பாட்டிலை எடுத்துவிடுவார்கள். சில வேளை உங்களைத் தேடி அழைப்பார்கள், சில வேளை பூட்டு உடைந்த பெட்டிதான் ஊர் வந்து சேரும். தப்பி உள்ளே போனாலும் நசுங்கி மூடி கழன்றால், அடுத்தவர் பெட்டியிலிருக்கும் குர்ஆன் பிரதிவரை நனைந்துவிடும்.

ஹஜ் கமிட்டி வழியாகப் போகிறவர்களுக்கு ஆளுக்கு 5 லிட்டர் கேன், சென்னையில் இறங்கிய பிறகு தரப்படும். அதனால் சுமக்கவே வேண்டியதில்லை. தனியார் குழுவிலும் உம்ராவிலும் போகிறவர்கள், விமான நிலையத்தில் அட்டைப் பெட்டியில் அடைத்து விற்கும் 5 லிட்டர் பாட்டிலை வாங்கி, கவுன்டரில் தனிச் சாமானாகக் கொடுக்க வேண்டும். அதை எடையில் சேர்ப்பார்களா, விடுவார்களா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். எல்லா விமானத்திலும் ஒரே மாதிரி இல்லை.

கைப்பையில எதையெல்லாம் வச்சுக்கணும்?

மருந்து, கண்ணாடி, ஒரு மாற்றுடை, மெல்லிய சால்வை, சார்ஜர், பவர் பேங்க். பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் போட்டால், மேலே சொன்ன ஜம்ஜம் கதைதான்: பெட்டியைத் திறப்பார்கள். முடி வெட்ட வாங்கிய சின்னக் கத்தரி, பிளேடு இரண்டையும் பெரிய பெட்டிக்கு மாற்றுங்கள். இஹ்ராம் பெல்ட் பையிலேயே அவை கிடந்து பாதுகாப்புச் சோதனையில் மாட்டுவது வாடிக்கை. தேன், ஆலிவ் எண்ணெய், அத்தர் எதுவும் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் கூடாது. பிசைந்து டப்பாவில் அடைத்த பேரீச்சம்பழக் கூழையும் திரவக் கணக்கில் சேர்ப்பார்கள். முழுப் பழமாக இருந்தால் பிரச்சினை இல்லை.

இன்சுலின் போடுகிறவர்கள் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சாமான் அறையில் உறைந்துபோனால் மருந்து கெட்டுவிடும். மருத்துவர் சீட்டையும் கூடவே வையுங்கள். சவூதி நேரத்தைவிட நம் நேரம் இரண்டரை மணி முந்தியது என்பதால் அன்றைய நாள் உங்களுக்குச் சுருங்கும். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை எப்போது போடுவது என்று புறப்படுமுன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

ஃப்ளைட் ராத்திரி 11 மணிக்கு. மதியமே எதுக்கு பஸ்ல ஏத்துறீங்க?

மக்காவிலிருந்து ஜித்தா விமான நிலையம் சுமார் 100 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். ஆனால் ஹஜ் முடிந்த வாரத்தில் எல்லா நாட்டு ஹாஜிகளும் ஒரே சாலையில் இறங்குவார்கள். கட்டடத்தின் முன் பஸ் வந்து, 45 பேரை எண்ணி ஏற்றுவதற்கே 1 மணி நேரம். மக்தபில் (ஹாஜிகளைக் கவனிக்கும் சவூதி அலுவலகத்தில்) இருக்கும் பாஸ்போர்ட்டுகள் வழியிலோ விமான நிலையத்திலோதான் கைக்கு வரும். ஒருவருடையது வேறு பஸ்ஸின் கட்டுக்குள் போயிருந்தால் அதைத் தேடும் நேரமும் இதில் அடக்கம். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் போட்டோவைப் பார்த்து உங்களுடையதுதானா என்று உறுதி செய்யுங்கள். ஒரே பெயரில் குழுவில் மூன்று பேர் இருப்பது நம்மிடம் சாதாரணம்.

ஜித்தாவில் முனையங்கள் பல. வெள்ளைக் கூடாரக் கூரை போட்ட, 1981ல் திறந்த ஹஜ் முனையம் ஒரு பக்கம், புதிய முதல் முனையம் இன்னொரு பக்கம், இடையே தூரம் அதிகம். தனியாக டாக்சியில் போகும் உம்ரா பயணிகள் ஏறுமுன்பே ஓட்டுநரிடம் முனையத்தைச் சொல்லுங்கள். ஹஜ் முனையத்தில் மணிக்கணக்கில் உட்கார வேண்டிவரும். ரொட்டி, பழம், தண்ணீர் கையில் இருக்கட்டும். பத்துப் பேருக்கு ஒருவர் என்று பொறுப்பாளர் வைத்து, பஸ் ஏறும்போது, இறங்கும்போது, குடியேற்றச் சோதனை தாண்டியதும் என மூன்று முறை எண்ணுங்கள். ஆள் தவறுவது பெரும்பாலும் கழிப்பறைக்குப் போய் வேறு வாசல் வழியாக வெளியே வருவதால்தான்.

விமானத்துல ஃபஜ்ரு எப்படி? இறங்கித் தொழுதுக்கலாமா?

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஜூன் மாதம் இரவு 11 மணிக்கு ஜித்தாவில் ஏறி, ஐந்தரை மணி நேரத்தில் சென்னை வருகிறீர்கள் என்று வையுங்கள். மக்காவில் ஃபஜ்ரு (அதிகாலைத் தொழுகை) 4 மணிக்கு மேல் என்பதால் அதே நினைப்பில் தூங்கிவிடுகிறார்கள். ஆனால் விமானம் சூரியனை நோக்கிப் பறக்கிறது. சவூதிக் கடிகாரப்படி சுமார் இரண்டே முக்காலுக்கே கிழக்கு வெளுக்கும், மூன்றரைக்கெல்லாம் சூரியன் தெரிந்துவிடும். தரையில் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் ஃபஜ்ரு நேரம் முக்கால் மணியாகச் சுருங்குகிறது. சென்னையில் இறங்கும்போது காலை 7 மணி, ஃபஜ்ரு களாவாகியிருக்கும் (நேரம் தவறியிருக்கும்). எனவே விமானத்தில்தான் தொழ வேண்டும். கடிகாரத்தை நம்பாமல், ஏறி மூன்றரை மணி நேரத்தில் எழுந்து ஜன்னலைப் பாருங்கள்.

தொழும் திசையான கிப்லாவுக்குக் குழம்ப வேண்டாம். மக்காவை விட்டு விலகிப் போகிறோம், ஆகவே அது விமானத்தின் வால் பக்கம் இருக்கும். பின்பக்கச் சமையலறை அருகே பணிப்பெண்ணிடம் கேட்டு, இருவர் இருவராக நின்று தொழலாம். வுளூவை (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவதை) ஜித்தாவிலேயே செய்துவிட்டு ஏறினால், உட்கார்ந்தபடி தூங்கியவருக்கு வுளூவின் சட்டத்தை ஆலிமிடம் கேட்டு வைத்திருந்தால், 40 பேர் ஒரே கழிப்பறைக்கு முன் நிற்க வேண்டியதில்லை. நிற்க அனுமதிக்காவிட்டால் இருக்கையிலேயே தொழுதுவிட்டு, ஷாஃபிகள் இறங்கிய பின் திரும்பத் தொழ வேண்டும். மஃரிபையும் இஷாவையும் ஜித்தாவிலேயே முடித்துவிட்டு ஏறுங்கள்.

சென்னை வந்தாச்சு. இன்னும் கஸ்ர்தானா?

உங்கள் சொந்த ஊரின் எல்லைக்குள் நுழையும் வரை நீங்கள் முஸாஃபிர்தான் (பயணிதான்). சென்னைவாசிக்கு அங்கே முடிந்தது. காயல்பட்டினத்துக்கோ கீழக்கரைக்கோ போகிறவருக்கு வழியெல்லாம் கஸ்ர் (தொழுகையைச் சுருக்குவது) உண்டு. விமானத்தில் களாவான தொழுகைகளை ஆலிமிடம் சொல்லி எத்தனை ரக்அத் என்று தெளிவு பெறுங்கள், மத்ஹபுக்கு மத்ஹப் மாறும்.

மகள் கல்யாணத்துக்கு மக்காவுல நகை வாங்கினேன். 40 கிராம் வரைக்கும் வரி இல்லைன்னாங்களே?

அந்தச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புகிறவர்களுக்கு. நாற்பது நாள் ஹஜ்ஜுக்குப் போனவருக்கு இல்லை. நகையோடு பில்லையும் எடுத்துக்கொண்டு, சுங்கத்தில் வரிப் பொருள் உள்ளவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சொல்லி, வரி கட்டிவிடுவதுதான் வழி. பச்சை வழியில் போய்ப் பிடிபட்டால் நகையும் போகும், அபராதமும் வரும். ஹஜ்ஜை முடித்து வருகிற கையோடு ஒரு பொய்யும் சேர வேண்டாம். ஊரிலிருந்தே அணிந்து போன கனமான நகை என்றால், போகும்போதே சுங்கத்தில் சான்று வாங்கியிருந்தால் திரும்பும்போது கேள்வி வராது. மதீனாவின் மண்ணைச் சிலர் பொட்டலமாகக் கட்டி வருகிறார்கள். ஹரமின் மண்ணை வெளியே எடுத்துவரக் கூடாது என்று உலமாக்கள் சொல்கிறார்கள், இந்தியச் சட்டமும் அனுமதியின்றி வெளிநாட்டு மண்ணை விடாது.

எல்லார் பெட்டியும் வந்துடுச்சு, எங்களுது மட்டும் வரல.

வெளியே போய்விடாதீர்கள். முதலில், மிச்சம் சுற்றிக்கொண்டிருக்கும் அதே நிறப் பெட்டியைப் பாருங்கள். உங்களுடையதை யாரோ தன்னுடையது என்று எடுத்துப் போயிருக்கலாம். பெட்டியில் எண் எழுதியிருந்தால் ஒரு போனில் தீரும். இல்லையென்றால் சுங்கத்தைத் தாண்டுமுன் விமான நிறுவனத்தின் சாமான் கவுன்டரில் புகார் எழுதி, எண் போட்ட நகலை வாங்குங்கள். போர்டிங் அட்டையில் ஒட்டிய சீட்டுதான் ஆதாரம். உடைந்த பெட்டிக்குப் பெற்ற 7 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும்.

அத்தா அங்க ஆஸ்பத்திரியில இருக்காக. குழு நாளைக்குக் கிளம்புது. அவகள விட்டுட்டு வரணுமா?

குழு கிளம்பத்தான் வேண்டும், மற்ற நாற்பது பேரின் டிக்கெட் அதில் இருக்கிறது. ஆனால் அத்தாவைத் தனியாக விட வேண்டியதில்லை. இந்திய ஹஜ் மிஷனில் நோயாளியின் பெயர், கவர் நம்பர், மருத்துவமனை, வார்டு எல்லாம் பதிவாகியிருக்கிறதா என்று குழுத் தலைவர் நேரில் உறுதி செய்ய வேண்டும். கூட ஒருவர் தங்க வேண்டும் என்றால் இரண்டு பேருடைய பயணத் தேதியையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் கட்டோடு கட்டாக விமான நிலையம் போய்விடாமல் எடுத்து வைப்பது, முந்தின நாளே செய்ய வேண்டிய முதல் வேலை. தங்குகிறவர் கையில் மருந்துச் சீட்டு, பணம், உள்ளூர் சிம், மிஷன் எண் நான்கும் இருக்கட்டும். உம்ராவில் இதே நிலை வந்தால் ஜித்தாவிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தை அணுக வேண்டும்.

ஊர்லேர்ந்து வேன் பிடிச்சு எல்லாரும் வர்றோம்னு சொல்றாங்க. வரட்டுமா?

இந்தக் கேள்விக்குத்தான் அழுத்தமாகப் பதில் சொல்ல விரும்புகிறோம். சென்னையிலிருந்து காயல்பட்டினம் 600 கிலோமீட்டருக்கு மேல். வேன் ஓட்டுநர் முந்தின இரவு முழுக்க ஓட்டி வந்திருப்பார், நீங்கள் வெளியே வந்ததும் அதே ஆள் வண்டியைத் திருப்புவார். உள்ளே இருப்பவர்களும் தூங்கிவிடுவார்கள். ஆயிரக்கணக்கான மைல் பத்திரமாகப் பறந்து வந்த பிறகு, ஆபத்தான பகுதி இதுதான். ரயிலில் படுத்து வருவது முதல் தேர்வு. வேன்தான் என்றால் இரண்டாவது ஓட்டுநர், பகல் பயணம், திருச்சியில் சில மணி நேர ஓய்வு மூன்றும் இருக்க வேண்டும். வரவேற்க வருகிறவர்கள் இருவர் போதும், வண்டியில் சாமானுக்கும் இடம் வேண்டுமே. குடியேற்றம், பெட்டி, ஜம்ஜம் கேன் எல்லாம் முடிய இறங்கி 2 மணி நேரமாவது ஆகும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வந்ததிலிருந்து இருமல் நிக்கல. ஹஜ் இருமல்தானே, தானா போயிடும்ல?

பெரும்பாலும் போய்விடும். ஆனால் காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் உடனே மருத்துவரிடம் போய், 14 நாளுக்குள் சவூதியிலிருந்து வந்ததையும், ஒட்டகத்தின் அருகே போயிருந்தால் அதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, தோலில் புள்ளிகள் என்றால் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நீண்ட நேரம் உட்கார்ந்து வந்ததால் இரண்டு காலும் லேசாக வீங்குவது இயல்பு. ஒரு கால் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தால் அன்றே காட்டுங்கள். இருமல் உள்ளவரை, துஆ கேட்டு வருகிறவர்களைக் கட்டித் தழுவாமல் ஸலாமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைத்தாய்ச்சிகளும் கைக்குழந்தைகளும் வருவார்கள்.

ஊருக்குள்ள வந்ததும் நேரா வீட்டுக்குப் போகலாமா? 5 லிட்டர் ஜம்ஜத்தை எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும்?

முதலில் பள்ளிவாசல், இரண்டு ரக்அத், பிறகு வீடு. அதுதான் நபிவழி. முன்னறிவிப்பில்லாமல் இரவில் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம் என்பதும் நபிவழியே. போன் இருக்கிறது, வரும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் பள்ளி பூட்டியிருக்கும் என்றால் மோதினாரிடம் சொல்லி வையுங்கள்.

ஜம்ஜத்துக்கு 30 மில்லி பிடிக்கும் சின்னக் காகிதக் கப் வாங்குங்கள். 5 லிட்டர் 160 பேருக்கு மேல் வரும். நோயாளிகளுக்கென்று ஒரு லிட்டரைத் தனி பாட்டிலில் எடுத்து வைத்த பிறகும் 130 பேருக்குக் கொடுக்கலாம். போதாது என்று தோன்றினால், சாதாரணத் தண்ணீரில் கலந்துவிட்டு அதையே ஜம்ஜம் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். கலந்ததைக் கலந்தது என்று சொல்லிக் கொடுங்கள், அல்லது கப்பில் பாதியாக ஊற்றுங்கள். கேனை வெயில் படாத இடத்தில் வைத்து, கரண்டி விட்டு மொள்ளாமல் சாய்த்தே ஊற்றினால் கடைசிச் சொட்டுவரை கெடாமல் இருக்கும்.